வேகம் இருக்கட்டும், மாடி எவ்வளவு நீளம்?

வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரமே வீதிக்கு வந்துவிடும். வரதராஜப் பெருமாள் புறப்பாடு போகும் வழியெங்கும் கடை விரித்திருப்பார்கள். பலூன், பீப்பி, வளையல், பஞ்சுமிட்டாய். அவற்றுக்கு நடுவில் பளபளவென்று ரிமோட் கார். சில நூறு ரூபாய்தான். பிள்ளை கையை நீட்டும், அப்பா பேரம் பேசுவார், கடைக்காரர் பென்சில் பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் சங்கதி புரியும். முன்னால் போகும் பொத்தானை அழுத்தினால் நேராக மட்டுமே போகும். பின்னால் வரும் பொத்தானை அழுத்தினால் ஒரே பக்கமாக வளைந்துகொண்டு வரும். நினைத்த பக்கம் திருப்ப வழியே கிடையாது. நவராத்திரி வருவதற்குள் அது பரணுக்குப் போய்விடும்.

அந்தக் காரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த விலைக்கு அது அவ்வளவுதான் செய்யும். ரிமோட் கார் என்றாலே இவ்வளவுதான் என்று பலர் அதோடு முடிவு கட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். வேறு சிலர் அடுத்த தடவை எதிர்க்கோடிக்குப் போய், ‘மணிக்கு 60 கிலோமீட்டர்’ என்று பெட்டியில் அச்சடித்த வண்டியைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஓட்ட இடமில்லாமல் அதுவும் பரணுக்கே போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அருமையான சின்ன வண்டிகள் இருக்கின்றன. சாயங்காலம் அரை மணி நேரம் பெரியவர்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து ஓட்டலாம். உடைந்தால் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். பந்தயமும் வேண்டாம், பரிசும் வேண்டாம், பொழுது நன்றாகப் போனால் போதும் என்பவர்களுக்கு உகந்தவை அவைதான். அவற்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: எங்கே ஓட்டப்போகிறோம், உடைந்தால் யார் சரிசெய்வது.

முதலில் டேப்பை எடுங்கள்

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 8 மீட்டருக்கும் மேல். உங்கள் மொட்டை மாடி 15 மீட்டர் நீளம் என்றே வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 50 அடி. நம்மூரில் அது பெரிய மாடி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டே விநாடி. 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்குள் கைப்பிடிச் சுவர் வந்துவிடும். விரல் அசைவதற்குள் பம்பர் தெறித்திருக்கும். அந்த வேகத்துக்குக் கால்பந்து மைதானம் வேண்டும், பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது.

காஞ்சியில் அப்படிப்பட்ட இடத்துக்கு எங்கே போவது? ராஜ வீதிகள் நான்கையும் காந்தி ரோட்டையும் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பஸ், ஆட்டோ, புடவை எடுக்க வந்த வெளியூர் வண்டிகள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், ஒரு குடும்பத்தின் பல நாள் சம்பாத்தியம். அந்தப் பக்கம் ரிமோட்டோடு போகவே கூடாது. கைலாசநாதர் கோயில் புல்வெளியைப் பார்த்தால் ஆசை வரும். பல்லவன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மணற்கல் கோயில் அது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே பொம்மைக் காருக்கு வேலை இல்லை. எந்தக் கோயில் பிராகாரமானாலும் இதே பேச்சுதான். மிச்சம் இருப்பது வீட்டுக் கூடம், மொட்டை மாடி, ஊர் ஓரத்துக் காலி மனை. பாலாற்று மணலை நான்காவதாகச் சேர்க்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வண்டியின் அளவை ‘24-ல் ஒன்று’, ‘18-ல் ஒன்று’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நிஜக் காரை அத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கூடத்துக்கு 28-ல் ஒன்று. ஒரு சாண் நீளம் கூட வராது, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த மினி-இசட் வண்டிகள் இந்த அளவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. பழைய வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரையில் இவை வழுக்கிக்கொண்டு திரும்பும் அழகே தனி. ஆனால் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். நிலைப்படி தாண்டாது, மாடியில் தட்டோடு பதித்த சந்துகளில் தட்டித் தட்டி நின்றுபோகும். கூடத்தில் தறி போட்டிருக்கும் வீட்டில் தறிக்குழியையும் கவனிக்க வேண்டும். உள்ளே விழுந்தால் வண்டியும் போச்சு, மேலே இருக்கும் பாவில் சிக்கினால் அதுவும் போச்சு.

மாடிக்கு 24-ல் ஒன்றோ 18-ல் ஒன்றோ பொருந்தும். முதலாவது 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், இரண்டாவது 25 வரை போகும். காலி மனைக்கு 16, 14, 10 என்று மேலே போகலாம். 10-ல் ஒன்று என்பது ஒன்றேகால் அடிக்கு மேல் வரும் பெரிய வண்டி. பொழுதுபோக்குக்கு முதல் வண்டியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

நம் மாவட்டத்திலேயே நிஜப் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த தடம். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் மாடியில் சாக்பீஸால் அதே வளைவுகளை வரைய ஆசைப்படுவார்கள். 28-ல் ஒன்றாகச் சுருக்கினாலும் சுற்று 132 மீட்டர் வரும்! மாடியில் அடங்காது, நான்கைந்து வளைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இதே கணக்கை வேகத்துக்கும் போட்டுப் பாருங்கள். 28-ல் ஒன்று வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடினாலே, அதன் உருவத்துக்கு அது 280 கிலோமீட்டர் வேகம். பார்க்கும் கண்ணுக்கு அது போதும்.

மெதுவாகப் போகும் வண்டி

என்னைக் கேட்டால் காஞ்சி வீட்டுக்கு முதல் வண்டி கிராலர்தான். நாலு சக்கரத்துக்கும் மோட்டார் பலம் போய்ச் சேரும். மனிதன் நடக்கும் வேகத்தில் கல் மேல், செங்கல் மேல், படி ஓரத்தில் தொற்றித் தொற்றி ஏறும். அமெரிக்காவின் ஆக்சியல் நிறுவனம் 2020-இல் விட்ட எஸ்.சி.எக்ஸ்.24 வந்த பிறகு 24-ல் ஒன்று கிராலருக்கு உலகம் முழுக்க மவுசு கூடியது. டிராக்சாஸ் 2022-இல் 18-ல் ஒன்று அளவில் டி.ஆர்.எக்ஸ்.-4எம் கொண்டுவந்தது. நாலு செங்கல், கொஞ்சம் ஜல்லி, ஒரு பழைய பலகை இருந்தால் மாடியின் ஒரு மூலையே மலைப்பாதையாகிவிடும். இடம் குறைவு என்ற குறையே இதில் அடிபட்டுப் போகிறது. சுவரில் மோதி உடையும் அபாயமும் குறைவு. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே ரிமோட்டை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம்.

சீனாவின் டபிள்யூ.பி.எல். நிறுவனத்தின் டி12 என்ற வண்டியையும் எனக்குப் பிடிக்கும். சுஸுகி கேரி என்னும் ஜப்பானியச் சின்ன லாரியின் உருவம். பார்த்தால் நம்மூர் குட்டியானையின் தம்பி. பின்னால் நிஜமாகவே பாரம் ஏற்றலாம். நாலைந்து தார்க்குச்சிகளை அடுக்கி, கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் இறக்கச் சொன்னால் பிள்ளைகள் மணிக்கணக்கில் ஓட்டுவார்கள்.

கடையில் எந்த வண்டியை எடுத்தாலும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வாங்காதீர்கள். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். சக்கரமும் கொஞ்சமாகத் திரும்புகிறதா, அல்லது டக்கென்று முழுசாக ஒடிந்து நிற்கிறதா? வேகத்துக்கும் அப்படியே: விரலை லேசாக அழுத்தினால் மெல்லப் புறப்பட வேண்டும். ஏகாம்பரநாதர் பங்குனித் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் அங்குலம் அங்குலமாகச் சக்கரத்தை நெறிப்படுத்துவார். அந்த மாதிரி இம்மி இம்மியாகக் கேட்கும் வண்டிதான் கைக்குப் பழகப் பழக இனிக்கும். முழுசாகத் திரும்பு, இல்லையென்றால் நேராகப் போ என்று இரண்டே நிலை தெரிந்த வண்டி ஒரு வாரத்தில் அலுத்துவிடும். விலை கூடுதலாகச் சொல்லும் வண்டிகளிலும் இந்தக் குறை உண்டு என்பதால் பெட்டியை நம்பாமல் விரலை நம்புங்கள்.

அச்சில் சுற்றும் நூல்

இந்த ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வேறு ஊர்களில் தலைமுடி, கம்பளத் திரி. இங்கே பட்டு நூல். நெசவு வீட்டில் அறுந்த இழை, வெட்டிப் போட்ட நுனி, தாரில் மிஞ்சிய துண்டு எல்லாம் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ரிமோட் காரின் அச்சு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுற்றுகிறது. ஒரு நுனி மாட்டினால் போதும், மீதியை அதுவே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில், வெளியே தெரியாத இடத்தில், வளையம் வளையமாக இறுகும். பட்டு இழை சாமானியத்தில் அறாது. பேரிங்கின் மூடியை நெருக்கி உள்ளே நுழையும். சக்கரம் இறுகும், மோட்டார் சூடேறும், பேட்டரி சீக்கிரம் தீரும். மோட்டார்தான் போய்விட்டது என்று நினைத்து வண்டியையே ஓரங்கட்டிவிடுவார்கள்.

சரிசெய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வண்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிப் பாருங்கள். மற்றவற்றைவிட எது சீக்கிரம் நிற்கிறதோ அதில்தான் நூல். சின்ன வண்டிகளில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டுக்கு பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அல்லது 5.5 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கழற்றினால் அச்சின் அடியில் பொட்டு மாதிரி வண்ணம் தெரியும். அரக்கோ, மாம்பழ மஞ்சளோ, எந்தப் புடவை தறியில் இருக்கிறதோ அந்த நிறம். சுற்றைப் பிரிக்கப் பார்த்தால் வேலைக்கு ஆகாது. பிளேடு நுனியால் அச்சின் நீளவாக்கில் ஒரு கீறல் கொடுத்து, தையல் ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். பிறகு பேரிங்கில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. இழை எடுப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்கள் அரை மணி நேரம் போராடுவதை இவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

பட்டைவிட ஜரிகை ஆபத்து. ஜரிகையில் இருப்பது உலோகம், மின்சாரம் பாயும். மலிவு வண்டிகளில் சர்க்யூட் பலகை மூடியில்லாமல் திறந்து கிடக்கும். அதன் மேல் ஒரு ஜரிகைத் துண்டு விழுந்தால் ஷார்ட் ஆகிப் பலகையே கருகலாம். ஆகவே வாங்கும்போது மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பலகை பெட்டிக்குள் இருக்கிறதா, பற்சக்கரங்களுக்கு உறை இருக்கிறதா, அச்சு ஓடுவது பால் பேரிங்கிலா அல்லது வெறும் பிளாஸ்டிக் துவாரத்திலா என்று பார்த்துவிடலாம்.

கோலமாவும் இதே கதைதான். கடையில் விற்பது பெரும்பாலும் கல்பொடி. பற்சக்கரத்தில் ஒட்டினால் அரம் மாதிரி அறுக்கும். பிறர் வாசல் கோலத்தின் மேல் வண்டி ஓட்டக் கூடாது என்பதற்கு மரியாதை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். பாலாற்று மணலும் அப்படித்தான். உறை போட்ட பற்சக்கரம் உள்ள வண்டி என்றால் தைரியமாக ஓட்டலாம். திறந்த பற்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டு மணலில் இறக்கினால் மணலை எண்ணெய் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரே நாளில் பல் மழுங்கிவிடும். ஓட்டி முடித்ததும் பெயின்ட் பிரஷால் தட்டித் துடைத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் வரும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தாலும் ஐப்பசி மழையில் குட்டைக்குள் இறக்காதீர்கள். பல வண்டிகளுக்கு அது தெறிக்கும் நீருக்கான காப்பு மட்டுமே, பேரிங் துருப்பிடிக்கும்.

மூன்று வயரா, ஐந்து வயரா

மேல்மூடியைக் கழற்றியதும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முன் சக்கரத்தைத் திருப்பும் சின்னக் கறுப்புப் பெட்டிக்கு சர்வோ என்று பெயர். அதிலிருந்து வரும் வயர்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் நல்லது. எந்தக் கம்பெனி சர்வோவாக இருந்தாலும் அளவு பொருந்தினால் மாற்றிக்கொள்ளலாம். ஐந்து இருந்தால், திருப்பும் வேலையின் மூளை சர்க்யூட் பலகையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். சர்வோ போனால் அதே மாடல்தான் தேட வேண்டும். பலகை போனால் ரிசீவர், வேகக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து போகும். ஐந்து வயர் வண்டி கூடாது என்று சொல்ல மாட்டேன். அதன் பலகையும் சர்வோவும் தனியாக விற்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மோட்டாரைப் பொறுத்தவரை, பிரஷ் இல்லாத மோட்டார் நீடித்து உழைக்கும், விலை கூடுதல். சென்சார் இல்லாத சின்ன மோட்டார்கள் மெதுவாகப் புறப்படும்போது விக்கி விக்கிப் போகும். நிதானமாக ஓட்ட சாதாரண பிரஷ் மோட்டாரே சுகம்.

பேட்டரிதான் பெரியவர்கள் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி. 1,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, ஓடும்போது சராசரி 4 ஆம்பியர் இழுக்கும் வண்டி என்றால் 18 நிமிடம் வரும். கிராலர் குறைவாக இழுப்பதால் இன்னும் நேரம் கிடைக்கும். இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கிவிட்டால் மாலை நிறைந்துவிடும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு ஓட்டாதீர்கள். சித்திரை வெயிலில் மாடித் தரை சாயங்காலமும் கொதிக்கும். மோட்டாரில் ஐந்து விநாடி விரல் வைக்க முடியவில்லை என்றால் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். லித்தியம் பேட்டரியை வெறுந்தரையில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் செய்ய வேண்டும். நூல் பெட்டி, ஜக்கார்டு அட்டை, தறி மரம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. லித்தியம் என்றாலே பயம் என்பவர்களுக்கு மினி-இசட்டின் பல மாடல்கள் உண்டு. அவை நான்கு சின்ன பென்சில் பேட்டரிகளில் ஓடும். சார்ஜ் ஏற்றும் ரகத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பேர் சேர்ந்தால்

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒன்றை இயக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸ் முன்வரிசையில் நிற்கிறார். 1895-இல் கல்கத்தாவில் சுவருக்கு அப்பாலிருந்து மின்னலைகளை அனுப்பி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ரேடியோவால் ஒரு படகையே ஓட்டிக் காட்டினார். கடையில் விற்கும் ரேடியோ கார் 1966-இல் இத்தாலியில் பிறந்தது. ஒரு ஃபெராரியின் குட்டி உருவம். ஜப்பானின் டாமியா 1976-இல் போர்ஷே 934-ஐ விட்ட பிறகு இது சாதாரண வீடுகளுக்கும் வந்தது. அதே டாமியாவின் 1984-ஆம் ஆண்டு கிராஸ்ஹாப்பரை இன்றும் பெட்டியில் உதிரியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம். 10-ல் ஒன்று என்பதால் இடம் வேண்டும். ஆனால் கார் எப்படி ஓடுகிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரியாது.

பழைய வண்டிகளும் இன்றைய மலிவு வண்டிகள் சிலவும் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரே அலைவரிசையில் இரண்டு வண்டி இருந்தால் ஒருவர் ரிமோட் மற்றவர் வண்டியையும் இழுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வண்டிகளில் ரிமோட்டும் வண்டியும் ஜோடி சேர்ந்துகொள்வதால் பத்துப் பேர் சேர்ந்து ஓட்டினாலும் குழப்பம் வராது. நம் நாட்டில் குறைந்த திறனில் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த 2005 முதல் உரிமம் தேவையில்லை. கேட்டு வாங்க வேண்டியது 2.4 கிகாஹெர்ட்ஸ் வண்டியைத்தான். முதலில் ரிமோட்டைப் போட்டு அப்புறம் வண்டியைப் போடுங்கள். அணைக்கும்போது முதலில் வண்டி.

ஒரே மாடலை அண்ணன் தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ இன்னொன்று வாங்கினால் இன்னும் விசேஷம். உதிரி பாகம் பொது, பேட்டரி பொது. தண்ணீர்க் குழாயையும் பழைய ஜக்கார்டு அட்டைகளையும் ஓரமாக வைத்து மாடியில் தடம் போடலாம். மேல்மூடி கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் என்றால் உள்பக்கம் வண்ணம் அடிப்பார்கள். வெளியே எத்தனை கீறல் விழுந்தாலும் வண்ணம் போகாது. பொம்மைக்காரத் தெரு கொலு பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தூரிகை வேலை பிடித்துப்போகும்.

விலையும் கடையும்

விசையை இம்மி இம்மியாகக் கேட்கும், உதிரி கிடைக்கும் சீன வண்டிகள் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கிப் பத்தாயிரம் வரை போகும். ஆக்சியல், டிராக்சாஸ் போன்றவை அதைவிடக் கூடுதல் விலை. இறக்குமதிப் பொம்மைக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு இங்கே விலை கேட்டால் திகைப்பதற்கு அது ஒரு காரணம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சின்னப் பிள்ளைக்கு வாங்கினால் முத்திரை இல்லாததை எடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன வண்டிகளில் பெரும்பாலானவை ‘14 வயதுக்கு மேல்’ என்று போட்டுத்தான் வரும். பிள்ளை ஓட்டும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பணத்தை முழுசும் வண்டியிலேயே போட்டுவிடாமல் பத்தில் இரண்டு பங்கை ஒதுக்கி வைத்து, வாங்கும் அன்றே கூடுதல் பேட்டரி, ஒரு செட் பற்சக்கரம், ஸ்டீயரிங் கம்பிகள் வாங்கிவிடுங்கள். உதிரி தபாலில் வருவதற்குள் பிள்ளையின் ஆசை ஆறிப்போகும். மோட்டாரும் வயரும் சர்வோவும் தேவைப்பட்டால் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருதான் கதி. இங்கிருந்து 75 கிலோமீட்டர். போகும்போது பழைய மோட்டாரைப் பற்சக்கரத்தோடு கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். 130 ரக மோட்டாரின் தண்டு 2 மில்லிமீட்டர், 380 ரகத்துக்கு 2.3. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அங்கேயே கடைக்காரரிடம் கொடுத்துப் புது மோட்டாரில் அந்தப் பற்சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டால், அதற்காக மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்காது.